உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு

கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் தர்சிகாவின் கையிலிருந்த மாலை நழுவிக் கீழே விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்... செத்துப்போனவனே எழுந்து வந்து கதவைத் திறந்தால்?

ஈப்போவின் சிலிபின் பகுதியில் அன்று மதியத்திலிருந்தே மழை. குடையைத் தாண்டி வந்த சாரலில் அவளுடைய வெள்ளைச் சுடிதார் தோளோடு ஒட்டிப்போயிருந்தது. நெற்றியில் வழிந்த நீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவனையே பார்த்தபடி நின்றாள்.

"யாரு வேணும்?" என்றான் அவன். கட்டம் போட்ட சாரோங், சாயம் போன பனியன், கலைந்த தலை. தூங்கி எழுந்த கண்கள். அந்தக் கண்களைக் காலையில்தான் படத்தில் பார்த்தாள். 'ஐயோ, எவ்வளவு நல்ல கண்... இந்த வயதிலா?' என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள்.

"விக்னேஸ்வரன்... அவரோட வீடு..."

"இதுதான். நான்தான் விக்னேஸ்வரன். ஏர்கோன் சர்வீஸா? இன்னிக்கு முடியாது லா. ராத்திரி பூரா ஹோட்டல்ல வேல, இப்பத்தான் முழிச்சேன். நம்பர் குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வாரேன்."

"நீங்கதானா? நெசமாவா?"

"என்னங்க இது... ஐசி கார்டு எடுத்துக் காட்டணுமா?" அவன் பார்வை அப்போதுதான் கீழே போனது. வாசற்படியில் ஒரு ரோஜா மாலை. எதிரே வெள்ளை உடுத்திய ஒரு பெண். "யாருக்குங்க மாலை?"

தர்சிகா குனிந்து மாலையை எடுத்தாள். இதை எப்படிச் சொல்வது... எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான்.

"உங்களுக்குத்தான். நீங்க இன்னிக்குக் காலையில... எறந்துட்டீங்க."

நில்லுங்கள். அவளைத் திட்டுவதற்கு முன்னால் அவளுடைய ஒரு நாளைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்.

தர்சிகாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஈப்போவில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். அம்மா சாரதாதேவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா ஐயாத்துரை ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இப்போது மெல்பர்னில் அண்ணன் முகுந்தனோடு தங்கிவிட்டார். தர்சிகாவுக்கு வேலையும் வீட்டிலிருந்தேதான். சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்த்துத் தருகிறாள். முதலாளிகள் மின்னஞ்சலில்தான் பேசுவார்கள். சில நாள் காலையிலிருந்து மாலைவரை தன் குரலைத் தானே கேட்டிருக்க மாட்டாள்.

ஆனால் கைபேசிக்குள்ளே... அடேயப்பா. இங்கே மலேசியப் பத்திரிகைகள் புலனம் என்று அழகாக எழுதுகிற வாட்ஸ்அப்பில் அவள் இல்லாத குழு உண்டா? விடிந்ததும் கோயில் குழுவில் பஞ்சாங்கம் போடவேண்டும். அடுத்தது குடியிருப்பின் தாமான் குழு. குப்பை லோரி வந்ததா, வரவில்லையா என்கிற வழக்கு. பிறகு பழைய மாணவியர் குழு, இரத்த தானக் குழு, தொலைந்த பூனைகளைத் தேடும் குழு, சமையல் குழு, பூச்செடிக் குழு, யாருமே நடக்காத காலை நடைக் குழு. முகநூலில் இருப்பவை தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம், ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மணியோசை. மணி அடித்தால் உள்ளே போவாள், எழுதுவாள், அடுத்த மணிக்கு அடுத்த குழு. பிறந்தநாளுக்கு ஒரு வாசகம், கல்யாணத்துக்கு ஒரு வாசகம், சாவுக்கு ஒரு வாசகம் என்று தயாராக எழுதி வைத்திருந்தாள். எடுத்து ஒட்ட வேண்டியதுதான். இத்தனை பேரோடு இருந்துவிட்டு, சோற்றை மட்டும் சமையலறையில் நின்றபடி தனியாகச் சாப்பிடுவாள்.

இவை எல்லாவற்றிலும் அவளுக்குப் பெரியது இரங்கல் குழு. பேராக் மாநிலத்தில் எந்த ஊரில் எந்தத் தமிழர் போனாலும் பெயர், படம், எடுக்கும் நேரம் எல்லாம் அதில் வரும். அதைச் சரிபார்த்துப் போடுவது தர்சிகா. கேட்டு வாங்கிய வேலை அது. அம்மா போன அன்றைக்கு யாரோ நேரத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். குழுக்களில் கும்பிடுகிற கைகள் வந்து குவிந்தன. வீட்டு வாசலில் போட்ட நாற்காலிகள் மட்டும் பாதிக்குமேல் காலி. அந்த நாற்காலிகளை அவளால் மறக்க முடியவில்லை. அதனால்தான் ஈப்போவுக்குள் ஒரு சாவு என்றால், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஒரு மாலையை வாங்கிக்கொண்டு நேரில் போய்விடுவாள்.

இவ்வளவு கவனமான பெண் எப்படிக் கோட்டைவிட்டாள்?

சித்தியவான் பக்கம் மாவார் தோட்டம் என்று ஒன்று. கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்து, ஆட்கள் ஊர் ஊராகப் பிரிந்துபோன தோட்டம். அந்த மக்களின் குழுவில், இரங்கல் செய்திக்காகவே இவளையும் சேர்த்திருந்தார்கள். அன்று காலை அதில் தர்மேந்திரன் என்பவன் ஒரு படம் போட்டான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் கனத்த மாலை, முன்னால் எரியும் குத்துவிளக்கு. படம் கறுப்பு வெள்ளை. கீழே விக்னேஸ்வரன் என்று பெயர், பக்கத்தில் ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

நடந்தது வேறு. விக்னேஸ்வரனுக்கு ஏர்கோன், அதாவது குளிர்சாதனம், பழுதுபார்க்கும் தொழில். ஒரு முதியோர் இல்லத்து ஏர்கோன்களை இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுத்ததற்காக விக்னேஸ்வரனுக்கு அங்கே மாலை போட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை என்றால் 'கிளாஸாக' இருக்கும் என்று அவன் கூட்டாளி தர்மேந்திரன் நினைத்திருக்கிறான். படத்தைப் போட்டுவிட்டு மோட்டாரில் ஏறி வேலைக்குப் போய்விட்டான்.

தோட்டத்துக் குழுவுக்கு அவள் ஒதுக்கியிருந்தது கொஞ்ச நேரம்தான். பூச்செடிக் குழுவில் வேறு உரத்தைப் பற்றி அடிதடி. சாவு வாசகத்தை எடுத்தாள், ஒட்டினாள், இரங்கல் குழுவுக்கும் தள்ளினாள். தர்சிகா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. பின்னாலேயே ஓம் சாந்தி, ஓம் சாந்தி என்று வரிசை கட்டிவிட்டார்கள். எடுக்கும் நேரத்தைக் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை. முகவரியைக் கேட்டாள், அது கிடைத்தது. வந்துவிட்டாள்.

விக்னேஸ்வரன் உள்ளே ஓடி, அணைத்து வைத்திருந்த கைபேசியை முடுக்கினான். அது துள்ளத் தொடங்கியது.

"அக்கா... நான்தான் விக்கி... ஆமாக்கா, உசுரோடதான் இருக்கேன்... அழுவாதக்கா..." சித்தியவானிலிருந்து அவன் அக்கா விமலா அழுத அழுகை வாசல்வரை கேட்டது. அழுகை கொஞ்ச நேரத்தில் திட்டாக மாறியது. "அம்மாகிட்ட இன்னும் சொல்லலியே? அப்பாடா... மாமா காடி எடுத்துக்கிட்டு வர வேணாம், நீ மொதல்ல சாப்பிடு."

திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"யாருங்க மொதல்ல போட்டது?"

"நான்தான்."

"எங்கக்கா காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. எங்கம்மா காதுக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒரு ஆளக் கேட்டுட்டுப் போட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்... தப்புதான். மன்னிச்சிருங்க." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. மழையா, கண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியாத கன்னம்.

அவன் கைபேசியைத் தள்ளிக்கொண்டே போனான். செத்தவன் தன் சாவுச் செய்தியைப் படிக்கிற காட்சி... யாருக்குக் கிடைக்கும்? படிக்கப் படிக்கக் கோபம் கரைந்து வேறு ஏதோ ஒன்று அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் ஒரே வரிய எடுத்துப் போட்டிருக்காங்க" என்றான் மெதுவாக. "இந்த அண்ணன் அடுத்த ரோட்டுலதான் இருக்காரு. நடந்தா வந்துரலாம்." அவள் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தான். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. "யாரும் வரலியா?"

"வேல நாளு... மழ வேற..."

"நீங்க வந்திருக்கீங்களே. முன்னப்பின்ன தெரியாத ஆளு." திட்டத்தான் ஆரம்பித்தான், குரல் எங்கேயோ தடுக்கிக்கொண்டது. "நான் செத்துட்டேன்னு கேட்டு வீடு தேடி வந்தது நீங்க ஒருத்திதான்."

 இதற்குத் தர்சிகாவிடம் தயார் வாசகம் இல்லை.

அவன் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். "தொடைச்சிக்கிட்டு உள்ள வாங்க. பால் ஊத்தாம சூடா தே ஓ போடறேன். சாவு வீட்டுல கைநனைக்கக் கூடாதுன்னா வேணாம்..."

அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். தன் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அன்றைக்கே எல்லாக் குழுவிலும் திருத்தம் போட்டாள். விக்னேஸ்வரன் நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறேன் என்று. அந்தத் திருத்தத்துக்குக் கீழேயும் சில பேர் ஓம் சாந்தி போட்டார்கள். படித்துவிட்டா போடுகிறார்கள்?

மறுநாள் சாயங்காலம் கைபேசி அடித்தது. எழுத்து இல்லை... அழைப்பு. அப்பாவைத் தவிர அவளை யாரும் அழைப்பதில்லை. பயந்துகொண்டே எடுத்தாள்.

"பேய் பேசறேன்" என்றான் அவன்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

பழைய டவுனில் ஒரு கோப்பிக் கடை. ஏர்கோன் வேலை முடிந்து, சட்டையில் ஈரமும் தூசியுமாக வேனை நிறுத்திவிட்டு வருவான். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு வருவாள். மேசையில் அவளுடைய கைபேசி முகம் மேலே பார்க்கக் கிடக்கும். மணி அடித்தால் ஒரு விரலால் பதில் எழுதுவாள்.

"மேடம், இன்னிக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கீங்க?" என்று சீண்டுவான்.

"சமையல் குழுவுக்கு முன்னாடி வரைக்கும்."

"நேத்து ரசத்துல என்ன தகராறு?"

"பூண்டத் தட்டிப் போடணுமா, நறுக்கிப் போடணுமான்னு..."

"அட ஆண்டவா. பெரிய கேஸா இருக்கே."

சிரிப்பான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் சுருங்கி ஓரத்தில் கோடு விழும். அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு குழுக் கதையைச் சொல்வாள். அப்போது அவளுக்கு உறைக்கவில்லை... அவன் சிரித்தபடி கேட்ட ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே கேட்டான் என்று.

ஒருநாள் அவனே சொன்னான். "வீட்டு முன்னாடி வேன நிறுத்திட்டு உடனே எறங்க மாட்டேன். ரேடியோ ஓடிக்கிட்டிருக்கும். அணைச்சா உள்ள ஒரு சத்தமும் இருக்காதுன்னு தெரியும். ஒரு பாட்டு, இன்னொரு பாட்டுன்னு அப்படியே உக்காந்திருப்பேன்."

தர்சிகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். 'எனக்கும் அப்படித்தான்... எனக்கு மணியோசை, உனக்கு ரேடியோ' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கைபேசி அடித்துவிட்டது. தாமானில் யாரோ தண்ணீர் வரவில்லை என்றார்கள்.

மாவார் தோட்டத்தில் இப்போது வீடு இல்லை. அம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் கூடுவார்கள். "வாரீங்களா?" என்று கேட்டான். "அம்மாவும் அக்காவும் வராங்க. அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன்."

"என்னன்னு?"

"என்னைச் சாவடிச்ச பொண்ணுன்னு."

வேனில் போனார்கள். செம்மண் சாலையில் திரும்பியதும் கைபேசியில் லைன் போய்விட்டது. "உள்ள கெடைக்காது. தார் ரோட்டுக்கு நடந்து போனாத்தான்" என்றான். அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு சாயங்காலம் முழுக்கவா?

அவன் அம்மா இருளாயி நெடுநெடுவென்று உயரம். பல வருஷம் பால்மரம் சீவிய கை. அந்தக் கையால் தர்சிகாவின் கன்னத்தைத் தொட்டு, "எளச்சிருக்கியே ஆயி, ஆக்கிப் போட ஆளில்லியா?" என்றாள்.  கன்னத்தை யாராவது தொட்டு எவ்வளவு நாள் ஆகிறது...

பூசை தொடங்கும் நேரம். "தீபாராதனை ஆனதும் அம்மாவ வச்சுக்கிட்டு ஒன்னு சொல்லணும்" என்றான் விக்னேஸ்வரன். காது சிவந்திருந்தது. "இங்கேயே இருங்க."

என்ன சொல்லப்போகிறான் என்று தெரியாதா அவளுக்கு?  அந்த நேரம் பார்த்து வரும்போது படித்த கடைசிச் செய்தி நினைவுக்கு வந்தது. பாகான் செராயில் ஒரு பெரியவர் தவறிவிட்டார்; நேரம் இன்னும் போடவில்லை. "ஒரு அஞ்சு நிமிஷம். ரோட்டுக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

போனாள். லைன் கிடைத்ததும் கைபேசி கொட்டியது. பெரியவரின் செய்தியைப் போட்டாள்; அது நியாயம். அத்தோடு திரும்பியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். கோயில் குழுவில் ஒருவர் நாளைக்கு ராகுகாலம் கேட்டார். பூனைக் குழுவில் ஒரு பூனை கிடைத்துவிட்டது, வாழ்த்த வேண்டாமா? பூச்செடிக் குழுவில் இரண்டு பேர் வெளியேறுவதாக மிரட்டினார்கள். தார் ரோட்டு ஓரத்தில் நின்று ஒவ்வொருவரையும் சமாதானம் செய்தாள்.

நிமிர்ந்தபோது இருட்டிவிட்டது.

திரும்பி ஓடிவந்தாள். தீபாராதனை முடிந்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இருளாயி ஒரு தட்டை வாழை இலையால் மூடி மடிக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "நீ வரட்டும்னு அம்மாவும் சாப்பிடல" என்றாள் விமலா, வேறெங்கோ பார்த்தபடி. சோறு ஆறி இறுகிப்போயிருந்தது. ஒரு வாய்க்குமேல் தர்சிகாவுக்கு இறங்கவில்லை. விக்னேஸ்வரன் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல இருந்ததையும்தான்.

அம்மாவையும் அக்காவையும் சித்தியவானில் வீட்டில் இறக்கிவிட்டு ஈப்போவுக்குத் திரும்பினார்கள். வேனில் ரேடியோகூட ஓடவில்லை.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

"ஒரு வீட்டுல சாவு விக்னேஸ். நான் போடலைன்னா அங்க யாரு போவாங்க? உங்களுக்கு அது விளையாட்டா?"

"சாவுக்கு நான் ஒன்னும் சொல்லல. பூனைக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "செத்தவனுக்கு மாலையோட ஓடி வந்தீங்க. உயிரோட இருக்கறவனுக்கு உங்ககிட்ட நேரம் இல்ல. நான் செத்துப்போயே இருந்திருக்கலாம்... அன்னிக்கு ஒரு நாளாவது முழுசா எனக்குன்னு இருந்தீங்க."

சுருக்கென்றது. ஆனால் வீம்பு விடுமா? "உங்களுக்கு அம்மா இருக்காங்க, அக்கா இருக்காங்க. எனக்கு இந்தக் குரூப்புங்கதான். அதுவும் வேணாம்னா நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவன் அழைக்கவில்லை. அவளும் அழைக்கவில்லை. தவறு செய்தவள் நான், ஆனால் அவன் என்னை அப்படிச் சொல்லலாமா... இந்த ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மணிகள் அடித்தன. பஞ்சாங்கம் போட்டாள். பிறந்தநாள் வாழ்த்தை ஒட்டினாள். குப்பை லோரி வரவில்லை என்றாள். கோப்பிக் கடைக்குப் போகிற சாயங்கால நேரம் வந்தால் மட்டும் கை ஓடாது. வெளியே ஈப்போ மழை தகரக் கூரையில் தடதடக்கும். அவன் சிரிக்கும்போது கண்ணோரத்தில் விழும் கோடு நினைவுக்கு வரும். அடக்க மாட்டாத ஏக்கம்.

அப்பா மெல்பர்னிலிருந்து அழைத்தார். "சாப்பிட்டியே பிள்ளை?"

"சாப்பிட்டேன் அப்பா."

"குரல் ஒரு மாதிரி கிடக்கு."

"தடிமன் அப்பா." வேறு என்ன சொல்வாள்? அவர் மருந்து குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கைபேசியை எடுத்து மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒருத்தரைப் பிடித்திருக்கிறது, அவர் மனதை உடைத்துவிட்டேன்... இதை எந்தக் குழுவில் எழுதுவது? கோயில் குழுவிலா? பூச்செடியிலா? பழைய மாணவியர் குழுவில் எழுதினால் கும்பிடு போடுவார்களா, இதயம் போடுவார்களா? எல்லாக் குழுவையும் பார்த்து முடித்தாள். அத்தனை ஆயிரம் பேரில், 'என்னம்மா ஆச்சு' என்று கேட்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. நடைக் குழுவில் மட்டும் யாரோ காலை வணக்கம் போட்டிருந்தார்கள். அப்போது சாயங்காலம்.

தர்சிகா தரையில் உட்கார்ந்து அழுதாள். கேட்க ஆளில்லாத வீட்டில் வாய்விட்டு அழுவதற்கு வெட்கம் எதற்கு?

அழுது முடித்தபோது தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். தனக்காக ஒருத்தி சோறு தின்னாமல் காத்திருந்தாள். இவள் வந்துவிடுவாள் என்று நம்பிக் காத்திருந்தாள்.

இரங்கல் குழுவில் துளசி அக்கா என்று நிதானமான ஒருவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். "இத எப்பவோ கேட்டிருக்கலாமே தர்சிகா" என்று பதில் வந்தது. மற்றக் குழுக்களில், ஞாயிறு நான் வரமாட்டேன் என்று ஒரு வரி எழுதினாள். சில கட்டைவிரல்கள் வந்தன. அவ்வளவுதான், உலகம் அதன்பாட்டுக்கு ஓடியது. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்.

அந்த ஞாயிறு காலையில் காரை எடுத்துக்கொண்டு சித்தியவான் போனாள். விமலா வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றதும் கால் நகரவில்லை. சாவு இல்லாத வீட்டுக்கு அவள் இதுவரை தனியாகப் போனதில்லை. கையில் மாலை இல்லை. சொல்ல வாசகம் இல்லை. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது?

விமலாவே எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கை நெஞ்சுக்குப் போனது. "தர்சிகாவா... யாரு? யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல அக்கா." அவள் வெறுங்கையை விரித்துக் காட்டினாள். "சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" விமலா நம்பாமல் பார்த்தாள். பின்னாலிருந்து இருளாயியின் குரல் வந்தது: "சும்மா வரக்கூடாதா? கதவத் தொறந்து விடுடி."

இருளாயி எதையும் கேட்கவில்லை. மகன் பெயரை எடுக்கவும் இல்லை. முருங்கைக்கீரைக் கட்டை முன்னால் போட்டு, "உருவு" என்றாள். இருவரும் உருவினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசம். தர்சிகாவின் கைபேசி காரிலேயே கிடந்தது.

"அன்னிக்கு நீங்க சாப்பிடாம இருந்தீங்க" என்றாள் தர்சிகா, கீரையைப் பார்த்தபடி. "மன்னிச்சிருங்கம்மா."

"இன்னிக்குச் சேந்து சாப்பிட்டாப் போச்சு." இருளாயி எழுந்துபோய் விமலாவின் கைபேசியை வாங்கி யாருக்கோ பேசினாள். "டேய், ஏர்கோன் தண்ணியா ஒழுகுது. ஒடனே வா."

விமலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஏம்மா, நம்ம வீட்டுல ஏது ஏர்கோன்?"

"அது அவனுக்கும் தெரியும்."

ஈப்போவிலிருந்து எப்படி ஓட்டிவந்தானோ... வேன் வந்து நின்றது. வாசலில் தர்சிகாவின் காரைப் பார்த்தான். உள்ளே வந்தான். தலையிலும் கண் இமையிலும் மழைத்துளி. கீரை உருவிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அப்படியே நின்றான். விமலாவும் இருளாயியும் சொல்லிவைத்த மாதிரி அடுப்புப் பக்கம் போய்விட்டார்கள்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றான். முகத்தைக் கடுகடுவென்றுதான் வைத்திருந்தான்.

"இல்ல."

"அப்புறம்?"

தர்சிகா எழுந்து நின்றாள். கையெல்லாம் கீரைத் துணுக்கு. "எனக்குச் சாவு வீட்டுக்குப் போகத் தெரியும் விக்னேஸ். என்ன பேசணும், எங்க உக்காரணும் எல்லாம் தெரியும். உயிரோட இருக்கறவங்க வீட்டுக்கு எப்படிப் போறதுன்னுதான் தெரியல. காரணம் இல்லாமப் போனா யாராவது கதவு தொறப்பாங்களான்னு பயம். அதான் எல்லா எடத்துலயும் ஏதாவது வேலைய இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். வேல இருந்தாத்தான என்னைத் தேடுவாங்க?"

 அவள் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"நீங்க என்னை வேலைக்காகத் தேடல. சும்மா தேடினீங்க. அத எனக்குப் புரிஞ்சுக்கத் தெரியல... அன்னிக்கு நீங்க சொல்ல வந்தத நான் கேக்கல. இப்ப நான் சொல்றேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள்... முதலில் சிவந்தன. அப்புறம் மெல்லச் சுருங்கி, ஓரத்தில் கோடு விழுந்தது.

"எத்தன மணிக்குக் கெளம்பணும் மேடம்?" என்றான். குரல் உடைந்திருந்தது.

"நீங்க போகச் சொல்றப்ப."

"நான் சொல்லவே மாட்டேன் லா."

"அப்ப..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப இங்கயே இருந்துட வேண்டியதுதான்."